பண்டிகை மகிழ்ச்சியும் மனச்சுமையும்

கிறிஸ்து ஜனனப் பண்டிகை மகிழ்ச்சிக்குரியதென்பதை மறுப்பாரிலர். ஆயினும், அம்மகிழ்ச்சியை எல்லார் மீதும் கடமையாகச் சுமத்துதல் தகுமோ என்று யாம் வினவ விரும்புகிறோம்.

குடமுருட்டி பாயும் எமது பாபநாசத்தை நோக்குக. டிசம்பர்த் திங்களிற் சம்பாப் பயிர் வயலில் நிற்கும். அறுவடை தைக்கே வரும். குறுவையிற் கண்ட பணம் பெரும்பாலும் நடவிற்கும் உரத்திற்கும் போயிருக்கும். கையிருப்புக் குறைந்த அவ்வேளையிலேயே புத்தாடையும் பலகாரமும் வந்து நெருக்குகின்றன. அயலார் என் சொல்வரோ என்றஞ்சிக் கடன்படும் தந்தையர் பலர். 'பழைய சட்டையே போதும், அப்பா' என்று பிள்ளைகளாகிய நாம் முந்திக்கொண்டு சொல்லலாகாதா?

துயரமோ இதனினும் பெரிது. 1968 டிசம்பர் 25 இரவு, அந்நாளிற் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழவெண்மணியில், கூலித் தகராற்றின் விளைவாக மூட்டப்பட்ட தீயில், ஒரே குடிசைக்குள் 44 பேர் மாண்டனர். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை எழுந்து, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோரை மாய்த்தது. வேளாங்கண்ணிக்குப் பண்டிகைக்கென வந்த யாத்திரிகரும் அதிற் பலியாயினர். அவ்வில்லங்களிற் பண்டிகையும் நினைவுநாளும் அடுத்தடுத்தே வருகின்றன. அங்கே சென்று 'களிகூருங்கள்' என்பது அன்பாகாது.

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் நகையை அடுத்து அழுகையை வைத்தார். (உரையாசிரியர் அதற்கு யாது காரணங் கூறினும், அவ்வைப்பு எமக்கு உவப்பே.)

ஆதலின், கீதபவனி செல்லும் நண்பர்களை ஒன்று வேண்டுகிறோம். இவ்வாண்டு சாவு நேர்ந்த வீட்டைக் கடந்து போகாதீர்கள். மேளத்தை வாயிலிலே வைத்துவிட்டு, மெல்ல ஒரு பாட்டுப் பாடி, சற்றே உடனமர்ந்து வாருங்கள். பலகாரம் அடுத்த வீட்டிற் கிடைக்கும்.