மாத்திரையை நிறுத்துவது தவக்குல் அன்று

இதயத்துடிப்பைச் சீராக்கும் அப்லேஷன் சிகிச்சை முடிந்த ஐந்தாம் வாரம், தராவீஹ் தொழுகையில் என் நெஞ்சு மீண்டும் தாறுமாறாகத் துடித்தது. "சிகிச்சை வீணாயிற்று, ஹஜ்ரத்; மாத்திரைகளை நிறுத்திவிட்டுத் தவக்குல் வையுங்கள்" என்றார் திருவாலங்காட்டுச் சகோதரர் ஒருவர். நல்லெண்ணம்தான், ஆயினும் ஆபத்தான அறியாமை!

சுடப்பட்ட இதயத்திசு ஆறும் முதல் 2, 3 மாதங்களில் இத்தகைய துடிப்பு வருவதுண்டு. அதனாலேயே சிகிச்சை தோற்றதாகாது. இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை அப்போது தாமாக நிறுத்தினாலோ, இதயத்தில் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளதே, அந்த ஒட்டகத்தை அவிழ்த்துவிடவா சொல்கிறீர்கள்?

மறுநாள் ரயிலேறிச் சென்னையில் மருத்துவரைக் கண்டேன். மாத்திரை தொடர்கிறது, தராவீஹும் தொடர்கிறது, இயலாதபோது அமர்ந்தவாறு.