விசில் ஊதுமுன்னும் ஊதியபின்னும்

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் காற்பந்துப் போட்டி என்றால் நம் தோட்டத்து மக்களுக்குத் தனி உற்சாகம். வென்றால் கோல் போட்ட பையனைத் தோளில் தூக்கிக்கொள்வோம். தோற்றாலோ, நம் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தெரிபவர் ஒருவர்தான். அவர் நடுவர்.

பெரும்பாலும் அவர் வேறொரு பள்ளியின் ஆசிரியராகவோ, அண்மையில் பயிற்சி முடித்த இளைஞராகவோ இருப்பார். விசில் ஊதும்போதுதான் அவர் வேலை தொடங்குகிறது என்று எண்ணாதீர்கள். ஆட்டத்துக்கு முன் திடலைப் பார்வையிட நுழைந்தது முதல், ஆட்டம் முடிந்து வெளியேறும்வரை அவருக்கு அதிகாரம் உண்டு என்பதே விதி.

மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் நம் கேமரன் மலையில் இந்தப் பார்வை மிக முக்கியம். தண்ணீர் தேங்கியிருக்கிறதா, கோல் கம்பம் ஆடுகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். பையனின் கழுத்துச் சங்கிலியையும் கைக்காப்பையும் கழற்றச் சொன்னால், பெற்றோர் கோபிக்கக் கூடாது. அதுவும் விதிதான், பிள்ளையின் பாதுகாப்புக்கான விதி.

நடுவரிடமும் நாம் சிலவற்றை எதிர்பார்க்கலாம். அவர் நேரத்தோடு வர வேண்டும். இரு குழுவினரிடமும் ஒரே மாதிரி பேச வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஒரு குழுவினரோடு மட்டும் உட்கார்ந்து தேநீர் குடிப்பது நல்லதல்ல. முடிந்த பிறகு, கொடுத்த தீர்ப்பைப் பற்றிக் கடைவாசலில் நின்று வாதாடவும் கூடாது. சொல்ல வேண்டியதை அறிக்கையில் எழுதினால் போதும்.

நம் கடமை என்ன? வந்தவரை வரவேற்க ஓர் ஆசிரியர், உடை மாற்ற ஓர் இடம், கேட்காமலே அன்றே கையில் கொடுக்கும் படிப்பணம், திரும்பும்போது வண்டிவரை துணை. குறையிருந்தால் குழுப் பொறுப்பாசிரியர் ஏற்பாட்டாளருக்கு எழுதட்டும். திடலோரத்தில் நின்று ஏசுவது வேண்டாம்.

1975 மார்ச் 15ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம் நடந்தது. இந்தியாவின் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன் கோல் என்றார். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். தீர்ப்பு மாறவில்லை, இந்தியா 2-1 என வென்றது. உலக அரங்கிலேயே அப்படியென்றால், நம் திடலில் ஐயம் எழுவது இயல்புதானே? உலகக் கிண்ணக் காற்பந்தில் 2018 முதல் நடுவருக்குக் காணொளி துணை நிற்கிறது. நம் பள்ளித் திடலில் அவருக்கு உள்ளவை இரண்டு கண்களே.

ஏச்சுக்கு அஞ்சி இளம் நடுவர்கள் ஒதுங்கிவிட்டால், நஷ்டம் நம் பிள்ளைகளுக்குத்தான். விசில் ஊத ஆளில்லாமல் போட்டி ஏது? சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா 1974 உலகக் கிண்ணக் காற்பந்தில் நடுவராக நின்றார். நம் லயத்துப் பிள்ளை ஒருவனும் நாளை விசில் எடுக்கலாம். அவன் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புவீர்களோ, அப்படியே இன்று வருகிறவரையும் நடத்துங்கள். பிள்ளைகள் பந்தை மட்டும் பார்ப்பதில்லை, நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.