ஒன்பது மோகம்

சென்ற மாதம் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்துக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு காரும் ஒரு வேனும் வைத்து வாடகைக்கு ஓட்டி வருகிறார். நான் போய் உட்கார்ந்ததும் காப்பிக்குச் சொல்வதற்கு முன்னாலேயே தம்முடைய புதிய செல்போன் எண்ணைக் காட்டினார். கடைசியில் வரிசையாக நாலு ஒன்பது! யாரோ ஒரு தரகரிடம் இரண்டு டயர் வாங்குகிற பணத்தைக் கொடுத்து வாங்கினாராம்.

"ஒரு தரம் கேட்டா மறக்குமா சார்?" என்றார்.

"மறக்காது. பழைய எண் என்ன ஆயிற்று?"

"விட்டுட்டேன் சார். கூட்டினா எட்டு வருது."

எட்டு வந்தால் என்ன கெட்டுவிடும்? பன்னிரண்டு வருஷம் அந்த எட்டுதான் அவருக்குச் சோறு போட்டது. அந்த எண்தான் ஊர்ச் சுவர்களில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் காலண்டரில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவியின் நெஞ்சில் இருக்கிறது. அன்றைக்கே அந்த அம்மாளைப் பார்த்தேன். புருஷனுக்கு ராத்திரி மார்வலி கண்டபோது பழைய எண்ணைத்தான் போட்டாளாம். அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்லிற்றாம். பக்கத்து வீட்டுப் பையன் 108ஐக் கூப்பிட்டதால் மனுஷர் பிழைத்தார். "எனக்கு அந்த ஒரு நம்பர்தான் தம்பி தெரியும்" என்று, பத்து இலக்கத்தையும் வாய்பாடு மாதிரி ராகம் போட்டு ஒப்பித்தாள்.

எண் சுலபமாக இருக்கக்கூடாது என்று நான் வாதாடவில்லை. தமிழ்நாட்டில் பிரம்மதேசம் ஒன்றா இரண்டா? அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று. ஊர்ப் பெயரே பொதுவாகிவிட்ட இடத்தில், வியாபாரிக்கு எண்தான் விலாசம். ஆனால் அந்தச் சுலபம் கூப்பிடுகிறவனுக்காகவா, வைத்திருக்கிறவனின் ஜம்பத்துக்காகவா என்பதுதான் என் கேள்வி.

108ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2008லிருந்து தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு அதே எண். ஜபமாலை உருட்டுகிறவர்களுக்கும் வைஷ்ணவர்களுக்கும் அது முன்பே பழகிய எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம் வேறு. கூப்பிட்டால் வண்டி வருகிறது; எண் மாறுவதில்லை. இந்த இரண்டையும் எந்த ஏலத்திலும் எடுக்க முடியாது. பி.எஸ்.என்.எல். கூட அலங்கார எண்களை ஏலம் விடுகிறது. அதில் எண்தான் கிடைக்கும்.

டெலிபோனில் வாடிக்கை கைநழுவிப் போகிற கவலை புதிதல்ல. அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்தில் ஸ்ட்ரவ்ஜர் என்று ஒரு சவ அடக்கக்காரர் இருந்தார். தமக்கு வரும் அழைப்புகளை எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம் என்பார்கள். மனுஷர் எண் ஜோதிடரைத் தேடிக்கொண்டு போகவில்லை. கூப்பிடுகிறவரே எண்ணைச் செலுத்தி நேரே பேசுகிற தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891ல் காப்புரிமை வாங்கினார்! வியாபாரியின் புத்தி வேலை செய்யவேண்டிய திசை அதுவல்லவா?

நம் ஊர் வியாபாரிக்கும் வழி இருக்கிறது. கடையில் தரைவழி டெலிபோன் இருந்தால், திண்டிவனம் வட்டாரத்துக்கே உரிய 04147 முன்னால் நிற்கிறது. அதுவே ஊரைச் சொல்லிவிடும். மிச்சம் மனசில் வைக்க வேண்டியது ஆறே இலக்கம். செல்போன்தான் என்றால், போர்டு எழுதுகிறவரிடம் பத்து இலக்கத்தையும் ரயில்பெட்டி மாதிரி கோக்காமல், இரண்டும் மூன்றுமாக இடைவெளி விட்டு எழுதச் சொல்லுங்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ராகம் போட்டே மனப்பாடம் செய்த ஜாதி நாம். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். 'சிக்னல் இல்லை, அதனால் எண்ணை மாற்றினேன்' என்ற சாக்கும் செல்லாது. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றலாம்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். "நாலு ஒன்பதுக்கு ஒரு கெத்து இருக்குது சார்" என்றார். இருக்கட்டும். அவர் பணம், அவர் கெத்து. ஆனால் கைவிட்ட எண்ணைச் சில மாதங்களில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆகையால் இன்றைக்கே போய் அதைத் திரும்பக் கேளுங்கள். கிடைத்தால், புதியதோடு பழையதும் இருக்கட்டும் என்று மன்றாடிவிட்டு வந்தேன். போனாரா என்று தெரியவில்லை.

அந்தக் கிழவிக்கு இந்த ஒன்பதுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்னொரு ராத்திரி மார்வலி வந்தால், மறுபடியும் அந்தப் பழைய எண்ணைத்தான் போடுவாள்.