பக்கத்து வீட்டுப் பெண்ணும் பாட்டு வாத்தியாரும்

கல்கத்தா வந்ததுல இருந்து பார்க்கிறேன். ஆபீஸ்ல நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தா போதும், யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்து "அய்யய்யோ"ன்னு ஒரு இழு இழுப்பார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சு வைப்பேன். தயிர்சாதம் புளிச்சிடும் பாருங்க.

இத்தனைக்கும் காளிகாட் மெட்ரோல இறங்கி, ராஷ்பிகாரி அவென்யூவுல கொஞ்ச தூரம் நடந்தா லேக் மார்க்கெட். தலைமுறை தலைமுறையா தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற ஏரியா. இவ்வளவு நிஜத் தமிழர்கள் பக்கத்துலயே இருந்தும், இவங்களுக்குத் தமிழன்னா ஞாபகம் வர்றது மெஹ்மூத் முகம்தான். 1968ல வந்த 'படோசன்' இந்திப் படத்துல குடுமி வச்ச மதராஸி பாட்டு வாத்தியாரா வருவாரே, அது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பின்னியிருப்பார்.

ஆனா அந்தக் கதை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? இதே வங்காளத்துல இருந்துதான். 1952ல வந்த 'பாஷேர் பாரி', அதாவது பக்கத்து வீடு. அது 1953ல தெலுங்குல 'பக்க இன்டி அம்மாயி', 1960ல தமிழ்ல 'அடுத்த வீட்டுப் பெண்'. அஞ்சலிதேவி, டி.ஆர்.ராமச்சந்திரன், தங்கவேலுன்னு நம்ம தாத்தா பாட்டி ரசிச்ச படம். அதுக்கப்புறம்தான் இந்தி. அங்க பாட்டுப் போட்டியில தோக்கிற வாத்தியார் மதராஸி. மெஹ்மூதுக்குப் பாடின மன்னா டே கல்கத்தாக்காரர். இசையமைச்ச ஆர்.டி.பர்மன் பிறந்ததும் இங்கதான். ஆக, கதை வங்காளம், குரல் வங்காளம், மெட்டு வங்காளம், அடி மட்டும் நமக்கு :-)

அப்ப பேச்சு வழக்கை வச்சு காமெடியே பண்ணக்கூடாதா? தாராளமா பண்ணலாம்ங்கிறதுதான் என் கட்சி. அதுக்கும் உதாரணம் இந்த ஊர்லயே இருக்கு. பானு பந்தோபாத்யாய் (1920-1983), டாக்கா பக்கத்துக்காரர். கிழக்கு வங்காளத்து ஆளுங்களை இங்க 'பாங்கால்'னும், மேற்கு ஆளுங்களை 'கோட்டி'ன்னும் சொல்வாங்க. (திருநெல்வேலிக்காரங்க சிரிக்காதீங்க, இங்க அதுக்கு அர்த்தம் வேற.) 1947 பிரிவினையில வீடு வாசலை விட்டுட்டு லட்சக்கணக்கான பாங்கால் ஜனங்க இந்தப் பக்கம் வந்தாங்க. அவங்க பேச்சு இங்க கேலிக்கு ஆச்சு. பானு அதே பேச்சோட சினிமாவுல நின்னார்.

1953ல வந்த 'ஷாரே சுயாத்தர்' ஒரு மெஸ்ல நடக்கிற கதை. நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரின்னு வச்சுக்கோங்க. உத்தம்குமார் - சுசித்ரா சென் ஜோடியோட முதல் படமே அதுதான். ஆனா அதுல பானு பேசின டாக்கா பேச்சைச் சொன்னா கோட்டியும் சிரிக்கிறான், பாங்காலும் சிரிக்கிறான். நமக்கு வடிவேலுவோட மதுரைப் பேச்சு மாதிரி. மதுரைக்காரங்க யாராவது கோச்சுக்கிட்டாங்களா?

வித்தியாசம் இவ்வளவுதான். பானுவும் வடிவேலுவும் ஜோக் சொல்றாங்க, அது அவங்க ஊர்ப் பேச்சுல வருது. படோசன் வாத்தியார் மதராஸியா இருக்கிறதே ஜோக். மைக் யார் கையில இருக்குங்கிறதுதான் விஷயம். 2006ல ஜீ பாங்ளாவுல ஆரம்பிச்ச 'மீராக்கேல்' காமெடி மேடைக்கு பங்களாதேஷ் பசங்க வந்து, அவங்க பேச்சுலயே பேசிக் கைதட்டு வாங்கினாங்க. அது கேலி இல்ல, கலை.

சரி, நாம மட்டும் என்ன யோக்கியம்? நம்ம சினிமா அடகுக்கடை சேட்டுக்கு "நிம்பள் நம்பள்" தவிர வேற வசனம் உண்டா? அதுகூடப் பழங்கதை. இப்ப 'வடக்கன்'னு மீம்ஸ் பறக்குது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னை கட்டட வேலைக்கும் வர்றவங்கள்ல இந்த வங்காளத்துப் பசங்களும் உண்டு. இங்க நான் தமிழனா நெளியிற அதே நெளிசலை அங்க அவன் நெளியிறான். நானாவது ஏசி ஆபீஸ்ல உட்கார்ந்து நெளியிறேன். அவனுக்கு அது ஓடற ரயில்ல, தெருவுல, சில நேரம் அடி உதையோட வருது.

என்னிக்காவது ஒரு முர்ஷிதாபாத் பையன் 'கலக்கப் போவது யாரு' மாதிரி ஒரு மேடையில ஏறி, அவனோட அரைகுறைத் தமிழ்ல நம்ம மேஸ்திரிங்களைக் கலாய்க்கட்டும். முதல் விசில் என்னோடது.