ஜூலை மாத லோஹகட்டும் ஏழாயிரம் ரூபாய் ஷூவும்

எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ராத்திரி மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். "ஜூலை ரெண்டாவது சனிக்கிழமை லோஹகட் போலாமா? பசங்களுக்கு ஷூ வாங்கியாச்சு" என்று ஒருவர் போட, பத்தே நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல்கள். நான் மட்டும் விரலை மடக்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று அங்கே விளக்கினால் சண்டை வரும். அதனால் இங்கே.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். 2016-ல் பதவி உயர்வோடு புனேக்கு மாற்றல் வந்தது. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை விடுமுறை என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு மலை ஏறும் நாள் என்றால் அந்த ரெண்டுதான். சிஞ்ச்வட்டில் லோனாவாலா லோக்கல் பிடித்து மளவலியில் இறங்கினால், பாஜே குகைகள் வழியாக லோஹகட் வரை நடந்தே போய்விடலாம். வில்லங்கமில்லாத மலை, மேலே வரை கல் படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 2023 ஜூலை வரை.

அன்றைக்கு மகளுக்கு ஏழாயிரம் ரூபாயில் புது ஷூ. கணுக்காலுக்கு மேல் வரை ஏறும், தண்ணீர் புகாது என்று கடைக்காரப் பையன் அடித்துச் சொல்லியிருந்தான். தங்கமணி காலில் காலை நடைக்குப் போடும் ஓட்ட ஷூ. எனக்கு, பழைய மணாலி பயணத்துக்கு வாங்கி, அஞ்சு வருஷம் பரணில் அட்டைப்பெட்டியோடு தூங்கிய ஷூ. புத்தம் புதுசு மாதிரி இருந்தது. பாஜே தாண்டுவதற்குள் வலது காலின் அடிப்பாகம் முதலை வாய் மாதிரி பிளந்துவிட்டது. பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரமே வருஷக்கணக்கில் அதை அரித்துப் பொடியாக்கிவிடும். போடாமல் பத்திரமாக வைத்தாலும் தப்பாது என்று பிறகுதான் படித்தேன். மகளின் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். "இவ்ளோ தூரம் வந்துட்டோம்ல" என்றது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

இறங்கும்போது படியெல்லாம் வாய்க்கால். தங்கமணி வழுக்கி, கையை ஊன்றி, வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் சாம்பார் நான் வைத்தேன் என்பது மகளின் கணக்கில் தனி விபத்து :-)

தண்ணீர் புகாத ஷூ என்ன ஆயிற்று? மேல் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. அப்புறம் வெளியே வரவே இல்லை. உள்ளே வராமல் தடுக்கும் அதே சவ்வு வெளியே போகவும் விடாது. ஒவ்வொரு காலிலும் ஒரு குட்டிக் குளத்தோடு நடந்தாள் பிள்ளை.

எங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. ஜாமீன் சொத்து கெட்டியாக இருக்கிறதே என்று கடன் கொடுக்காதே, ஆளுக்குத் திருப்பிக் கட்டும் வழி இருக்கிறதா என்று முதலில் பார். ஷூ வெறும் ஜாமீன். பருவம்தான் கட்டும் வழி. நம் ஆட்கள் ஜாமீனை மட்டும் பார்த்துவிட்டு ஜூலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

இதில் தமிழர்களான நமக்குக் கூடுதலாக ஒரு குழப்பம். ஊரை விட்டு வந்தாலும் ஊர் நாட்காட்டியை விட்டு வரவில்லை. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆனியும் ஆடியும் வெயிலும் காற்றும். இங்கே தலைகீழ். ஜூலை, ஆகஸ்டில் சஹ்யாத்ரி முகட்டில் கொட்டுவது நாம் பார்த்த மழை அல்ல. புனேயில் வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் சொச்சம்தான். அறுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லோனாவாலாவில் 4000-ஐத் தாண்டும். வீட்டு பால்கனியில் தூறல் என்றால் அங்கே பேய்மழை. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் புஷி அணைக்குப் பின்னால் இருக்கும் அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். நான்கு பேர் குழந்தைகள். அவர்கள் காலில் எந்த ஷூ இருந்திருந்தாலும் அந்த வெள்ளத்தில் நிற்க முடிந்திருக்காது.

"மழையில்லாம என்ன மலை, பனிமூட்டமும் அருவியும் பார்க்கத்தானே போறோம்" என்பார்கள். நியாயம்தான். ஜூலையில் பச்சை போர்த்திய சஹ்யாத்ரிக்கு ஈடு கிடையாது, நானும் சொக்கிப் போனவன்தான். போகத்தான் வேண்டும் என்றால் படியும் பாறையும் இல்லாத இடமாகப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வந்தாலும் வழிந்து வெளியே போகிற, சீக்கிரம் காய்கிற, தாழ்வான ஷூ போதும். பார்க்க வேண்டியது அடி ரப்பரை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். இங்கே பாறை கருங்கல் எரிமலைக் குழம்பு, மழையில் அதன் மேல் பாசி ஒரு மெல்லிய தோல் மாதிரி படரும். கெட்டி ரப்பர் அதில் சோப்பு மேல் நிற்பது போலத்தான். பெரிய பெரிய பற்கள் இருந்தால் பிடிக்கும் என்பதும் பாதி உண்மை. சேற்றில் பற்கள் உதவும், வழவழப் பாறையில் பற்கள் கூடக் கூடத் தொடும் பரப்பு குறைகிறது. தங்கமணியின் ஓட்ட ஷூவின் அடிப்பாகமோ தார் ரோட்டுக்குச் செய்த நுரை. பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஊறினால் கொப்புளம் நிச்சயம்.

மார்ச்சிலிருந்து மே வரை வேறு கதை. மண் பொடியாகி, சிறு கற்கள் உருளும் சரிவுகள். மராத்தியில் இதற்கு கஸாரா என்று தனிச் சொல்லே உண்டு. (கணக்குப் பதிவியலில் தேய்மானத்துக்கும் அவர்களுக்கு அதே சொல்தான். பி.காம். படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா?) இங்கேதான் ஆழமான பற்கள் வேலை செய்யும். ஆனால் தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, புல்லெல்லாம் காய்ந்த வைக்கோல். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததும் இந்தப் பருவத்தில்தான்.

குடும்பத்தோடு போக அக்டோபர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை. பாறை காய்ந்திருக்கும், ஓடைகளில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும். சுமாரான ஷூவே போதும். ஷூவை மதியத்துக்கு மேல் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காத அளவு இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்துவிடும்.

மாமியாரிடம் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார். "வெள்ளியங்கிரி ஏழு மலையும் உங்க மாமா வெறுங்காலோட, ஒரு மூங்கில் கம்போட ஏறுனார் மாப்ள" என்பார். உண்மை. ஆனால் பக்தர்கள் அங்கே ஏறுவது பிப்ரவரியிலிருந்து மே வரை, ஐப்பசி மழையில் அல்ல. பருவத்தை அவர்கள் பார்த்துவைத்தார்கள், பிறகுதான் வெறுங்கால். போதாததற்கு அவர் கால் வயலில் பழகிய கால். என் கால் இருபது வருஷமாக சாக்ஸுக்குள் ஏசியில் இருக்கிற கால்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லோஹகட் அதில் ஒன்று, நம் செஞ்சி இன்னொன்று. இனி இன்னும் கூட்டம் வரும். வழுக்குப் படியில் முன்னால் போகிறவர் விழுந்தால் பின்னால் வருபவரும் விழுவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதை எழுதிவிட்டு குழுவில் ஒரே வரி போட்டேன்: "நவம்பர் நாலாவது சனிக்கிழமைன்னா நாங்க நாலு பேரும் வர்றோம், மாமியார் உட்பட." இதுவரை ஒரே ஒரு கட்டைவிரல். அடுத்த அறையிலிருந்து.

டிஸ்கி: அந்த ஏழாயிரம் ரூபாய் ஷூ மகளுக்குச் சின்னதாகிவிட்டது. சைஸ் 5. அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தேன், இன்னும் உறுதி. புனேயில் யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன், அக்டோபருக்கு அப்புறம். ஜூலைக்கு என்றால் தரமாட்டேன்.