நிப்பிள் ஓட்டையை ஊசியால பெருசாக்காதீங்க

குழந்தை குடிக்க அரை மணி நேரம் ஆகுதுன்னு ஊசியைச் சுட வச்சு நிப்பிள் ஓட்டையைப் பெருசாக்குறீங்களே, அது வைத்தியம் இல்லைங்க, விபரீதம். குழந்தை உறிஞ்சணும், முழுங்கணும், நடுவுல மூச்சு விடணும். பால் கொட்டினா புரையேறும்.

அட்டையில இருக்கிற '3 மாதம்+' எல்லாம் வேதவாக்கு இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி பால் ஓட்டம் மாறும். ஒருத்தர் 'ஸ்லோ' இன்னொருத்தர் 'மீடியம்'. வாயோரம் வழியுதா, திணறுதா? உங்க குழந்தைக்கு அது வேகம், அவ்வளவுதான்.

பால் புட்டிக்கு விளம்பரமே கூடாதுன்னு 1992லயே இந்தியாவுல சட்டம் போட்டாச்சு. கடைக்காரர் மட்டும் 'இதான் சார் நல்லா போகுது'ம்பார். போகறது அவர் சரக்கு!

வேலைக்குப் போற அம்மாக்களைத் திட்டலை. கறந்த பாலுக்கு எவர்சில்வர் பாலாடை இருக்கு, கொதிக்க வைக்கிறதும் சுலபம். புட்டிதான்னா மெதுவா சொட்டுற நிப்பிள் வாங்குங்க. ஊசி வேண்டாம்.