நனைந்த தானியமும் பழைய வண்டியும்

மதீனாவின் கடைத்தெருவில் ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தைக் குவியலுக்குள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்கு மழையும் ஈரமும் அறிமுகம் தேவையில்லாதவை. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளிலும், வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளிலும் மீண்டும் தண்ணீர் புகுந்தது. வீட்டு வாசல்களில் நின்ற கார்கள் கழுத்தளவு நீரில் நின்றன. பின்னர் அவை கழுவப்பட்டன, மெருகேற்றப்பட்டன, அவற்றுள் பல விற்கவும் பட்டன. ஈரம் அடியில், பளபளப்பு மேலே.

அண்மைக் காலமாக நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆடி க்யூ5, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜி.எல்.சி., வோல்வோ எக்ஸ்சி60 போன்ற நடுத்தர அளவுள்ள ஆடம்பர எஸ்.யு.வி. வண்டிகள், எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடியவை, சாதாரணப் புதுக் கார் ஒன்றின் விலைக்கே கிடைக்கின்றன. குடும்பத்துடன் பாதுகாப்பாகச் செல்லலாமே, வாங்கலாமா எனக் கேட்கின்றனர். மதரஸா ஆசிரியனுக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். ஃபிக்ஹு நூல்களில் வாங்கல் விற்றலுக்கென்றே விரிவான பாடம் உண்டு. ஒட்டகத்துக்கும் தானியத்துக்கும் அங்கே சொல்லப்பட்ட நெறி, இன்றைய வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

விலை குறைந்தது, செலவு குறைந்ததா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இவ்வண்டிகள் புதிதாக இன்று 60 லட்சம் ரூபாயைத் தாண்டும். பழையதாகும்போது வண்டியின் விலை நான்கில் ஒரு பங்காகக் குறையலாம். ஆனால் அதன் டயரும் பிரேக்கும் கியர்பெட்டியும் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பதில்லை. அவை இன்றும் 60 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்களே. தானியங்கிக் கியர்பெட்டியோ டர்போவோ பழுதுபட்டால் செலவு லட்சங்களில் வரும்.

எனவே கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலையாகக் கொடுத்துவிடுவது அறிவுடைமை ஆகாது. விலையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் பழுதுபார்ப்புக்கெனத் தனியே ஒதுக்கி வைக்க இயலாதவர், அவ்வண்டியைத் தம்மால் வாங்க இயலாது என்றே கொள்ள வேண்டும். வட்டிக் கடனில் வாங்குவதைப் பற்றி நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அருள்மறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் கண்டிக்கிறது. பெரிய குடும்பத்துக்குப் பெரிய வண்டி தேவையாக இருக்கலாம். அண்டை வீட்டாரின் கண்ணுக்காக வாங்குவது தேவையன்று.

ஈரத்தைத் தேடுங்கள்

"கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம் பாய்" என்று தரகர் சொல்வார். கண்களை நன்றாகத் திறந்துகொள்ள வேண்டிய நேரம் அதுவே.

சுப்ஹுத் தொழுகை முடிந்து, வெளிச்சம் வந்ததும் வண்டியைப் பார்க்கச் செல்வது மிகவும் நல்லது. இரவெல்லாம் நின்ற எஞ்சின் குளிர்ந்திருக்கும். நாம் வருமுன்பே அதனை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காரணம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது எழும் தட்டொலி, நிற்காமல் வரும் நீலப்புகை, தயங்கித் தயங்கிக் கிளம்புதல் ஆகியவை, சூடான எஞ்சினில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

வெள்ளத்தின் அடையாளங்களை அடுத்துத் தேடவேண்டும். இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கே தங்கியிருக்கும். இருக்கைகளுக்கு அடியிலுள்ள தண்டவாளங்களும் ஆணிகளும் துருப்பிடித்துள்ளனவா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகருங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை நிறுத்திச் சிறிது நேரம் அமர்ந்தால் பூஞ்சை வாடை தெரியும். வாசனைத் திரவியம் மிகுதியாகத் தெளிக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை கொள்க. முகப்பு விளக்கினுள் நீர்க்கோடு உள்ளதா, ஸ்டெப்னி டயர் வைக்கும் பள்ளத்தில் வண்டல் உள்ளதா என்றும் காண வேண்டும்.

சாதாரணக் காரைவிட இவ்வகை வண்டிகளில் இது ஏன் முக்கியம்? பல ஜெர்மன் வண்டிகளில் பாட்டரி பின்பெட்டியின் தரைக்கு அடியில் இருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தாழ்வான இடங்களில் பொருத்தப்படுவதுண்டு. முழங்கால் அளவுத் தண்ணீரே அவற்றைத் தொட்டுவிடும். மின் இணைப்புகளில் படிந்த ஈரம் உடனே கொல்லாது. மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாக அரிக்கும். எஞ்சினுக்குள் நீர் புகுந்த நிலையில் அதனைக் கிளப்ப முயன்றிருந்தால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்திருக்கக்கூடும். எனவே இவ்வகை வண்டிகளில் பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று, மேலே தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் கருவி கொண்டு எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் படிக்கச் சொல்லுங்கள். அந்த மெக்கானிக் விற்பவர் காட்டியவராக இருத்தல் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது வீதியை ஒருமுறை சுற்றி வருவதன்று. ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்து பாருங்கள். கியர் மாறும்போது உதறுகிறதா, வெப்பம் ஏறுகிறதா என்பது தெரியும். பிறகு வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் சென்று பாருங்கள். டீசல் வண்டியாயின், புகைத்துகள் வடிகட்டி உள்ளதா, அது அடைபட்டுள்ளதா என்றும் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்த வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்புப் பெறுவதில்லை. உங்கள் தேவையும் அத்தகைய குறுந்தூரப் பயணமே என்றால் பெட்ரோல் வண்டியே பொருத்தம்.

கட்டி வைத்த மடி

அக்கால அரபு நாட்டில் ஒரு தந்திரம் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். வாங்குபவர் பருத்த மடியைக் கண்டு ஏமாறுவார். இதனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்தவர் கறந்து பார்த்த பின் வைத்துக்கொள்ளலாம். அல்லது கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமை வழங்கினார்கள். மூன்று நாள் தவணையும் சில அறிவிப்புகளில் காணப்படுகிறது.

கிலோமீட்டர் காட்டியைப் பின்னுக்குத் திருப்பி வைப்பது இதே மடிகட்டும் வேலைதான். 1,40,000 கி.மீ. ஓடிய வண்டி 60,000 கி.மீ. காட்டும். இதனைக் கண்டுபிடிக்க வழியுண்டு. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு முறையும் பதிவான கிலோமீட்டரை வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீரிங்கின் தோல், பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானத்தை ஒப்பிடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் டயர் இருமுறை மாறியிருந்தால் அந்தச் சொல்லை ஐயுற வேண்டும்.

மடிகட்டுவது சிறு தரகர்கள் மட்டுமே செய்யும் செயல் எனவும் எண்ண வேண்டாம். சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் வண்டிகளில் பொருத்தியிருந்தது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் ஆடி, ஸ்கோடா உட்பட 3,23,700 வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைப்பதாக அக்குழுமம் அறிவித்தது. அக்காலத்து டீசல் ஆடி வண்டியை வாங்குவோர் அத்திருத்தம் செய்யப்பட்டதா என விசாரிப்பது நலம்.

எழுதிக்கொள்ளுங்கள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்திலும் சாட்சியிலும் நிறுத்துமாறு சூரா பகராவின் 282ஆம் வசனம் விரிவாகப் பணிக்கிறது. வண்டி விற்பனையிலும் எழுத்தே பாதுகாப்பு. பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் எண்ணையும் 17 எழுத்துகள் கொண்ட சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவை உண்டா, அபராதங்கள் உள்ளனவா என்பவற்றை எம்-பரிவாகன் செயலியில் காணலாம். கடன் தீர்ந்திருந்தால் படிவம் 35உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30உம் வேண்டும். காப்புறுதியைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வெளிமாநில வண்டியில் கூடுதல் கவனம் தேவை. டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அதன்பின் அங்கிருந்து பெரிய டீசல் வண்டிகள் பல குறைந்த விலையில் வெளிமாநிலங்களுக்கு வந்தன. அவ்வாறு வருவதற்குத் தடையின்மைச் சான்று வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவும், தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியும் உண்டு. அந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துபோகும்.

விற்பவருக்கும் இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. வண்டி பல கைகள் மாறிய பின் விபத்து நேர்ந்த ஒரு வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களைத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் பணத்துடன் வீடு திரும்புவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

முன்பணமும் மூன்று நாளும்

டோக்கன் அட்வான்ஸ் எனச் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, வாங்குபவர் பின்வாங்கினால் அதனைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது சந்தை வழக்கமாகிவிட்டது. நம்மவர் பின்பற்றும் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டிலும் இது செல்லாது. ஹன்பலீ மத்ஹபே இதனை அனுமதிக்கிறது. மாறாக, மூன்று நாள் வரை யோசித்து முறித்துக்கொள்ளும் உரிமையை நிபந்தனையாகப் பேசிக்கொள்ள இரு மத்ஹபுகளிலும் இடமுண்டு. ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அந்த மூன்று நாளில் மெக்கானிக்கிடம் காட்டுவதும் சர்வீஸ் பதிவுகளைப் பெறுவதும் முடிந்துவிடும். இதற்கு இணங்காத விற்பனையாளர், வண்டியைப் பற்றி ஏதோ சொல்லாமல் சொல்கிறார்.

இறுதியாக, நம்மிடையே வண்டி விற்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல். துணி வணிகராக விளங்கிய இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியைத் தம் பங்காளியிடம் ஒப்படைத்து, குறையைச் சொல்லி விற்கும்படி கூறினார்கள். பங்காளி சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அதன் வருவாய் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அங்கே நேர்ந்தது மறதி. நாம் காண்பதோ அறிந்தே மறைத்தல். "உள்ளது உள்ளபடி, பிறகு என்னிடம் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்குமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை.

உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் இருவரின் வணிகத்திலும் பரக்கத் உண்டாகும். மறைத்தால் அது அழிக்கப்படும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்று சொல்லி விற்பவருக்குச் சில ஆயிரங்கள் குறையலாம். வாங்கும் குடும்பம், நள்ளிரவில் நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு நின்றுபோகும் நிலை வாராது. அந்தச் சில ஆயிரங்களுக்கு ஈடாக அல்லாஹ்விடம் கிடைப்பதை எந்தத் தரகராலும் மதிப்பிட இயலாது. நம் கொடுக்கல் வாங்கல்களை அவன் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.